யார் செலவில் விருந்து?

உம்ராவுக்குக் கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்துவைப்பார்கள், இஹ்ராம் துணியை மடித்துவைப்பார்கள், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுப்பார்கள். பூனையின் நினைவு கடைசியில்தான் வரும். மேல்விஷாரத்தில் அப்படி ஒரு குடும்பம், ராணிப்பேட்டை நவல்பூரில் அவர்களுடைய உறவுக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். நவல்பூர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாட்டுப் பூனைகள். மேல்விஷாரத்திலிருந்து வருவது புசுபுசுவென்று ஒரு பெர்ஷியன். "ஆபா, பதினஞ்சு நாள்தான். அது பாட்டுக்கு ஒரு மூலைல கெடக்கும்" என்று அக்காவிடம் சொல்லி, கூடையைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தங்கை ஆட்டோ ஏறிவிடுகிறார்.

அது ஒரு மூலையில் கிடக்கப்போவதில்லை. கூடையின் கதவைத் திறந்த மறு நிமிடம் பீரோவுக்கு மேலே ஒன்று, சோபாவுக்கு அடியில் ஒன்று, நடுவில் வாலை விறைத்துக்கொண்டு உறுமுகிற ஒன்று என்று மூன்று மூலைகள் தேவைப்படும்.

பூனை வளர்ப்பவர்கள் இதை ஒரு கைப்பக்குவமாகவே பேசுவார்கள்: எந்த அறையில் விடுவது, எத்தனை நாள் கழித்துக் கதவைத் திறப்பது. அந்தப் பக்குவத்துக்கு அடியில் ஒரு பழைய அறக்கேள்வி கிடக்கிறது. விருந்தோம்பலைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் வரவேற்பவர் ஒருவர், வந்தவர் ஒருவர் என்று இரண்டு பேரை வைத்தே பேசியிருக்கிறார்கள். நவல்பூர் வீட்டிலோ மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. 'வாங்க' என்று சொன்னது ஆபா. இடத்தை விட்டுக்கொடுக்கப்போவது அந்த இரண்டு நாட்டுப் பூனைகள். அவற்றை யாரும் கேட்கவில்லை.

வீடு யாருடையது என்று பூனையைக் கேட்க முடிந்தால் பத்திரத்தையும் வீட்டு வரியையும் அது மதிக்காது. கன்னத்திலும் தாடையிலும் பாதங்களிலும் உள்ள சுரப்பிகளால் அது கதவு நிலையில், நாற்காலிக் காலில், ஆபாவின் புடவை ஓரத்தில் தன் வாசனையைத் தேய்த்து வைத்திருக்கிறது. நாம் கொஞ்சல் என்று நினைக்கிற அந்த உரசலில் பாதி, எல்லைக்கல் நடுகிற வேலை. ஒன்றாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசிப் பொதுவான ஒரு வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்த வாசனை இருப்பவர் உள்ளே, இல்லாதவர் வெளியே. பூனையின் மூதாதை மேற்காசிய, ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அது தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்ற பிராணி. சைப்ரஸில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழியின் பக்கத்திலேயே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் அறிவித்தார்கள். அவ்வளவு காலமாக நம்மோடு இருந்தும், ஓநாய் வழிவந்த நாயைப்போலக் கூட்டத்தில் சேருகிற புத்தி அதற்கு முழுசாக வரவில்லை. நிறையத் தீனி கிடைக்கிற இடத்தில் தாயும் மகள்களுமாகச் சேர்ந்து வாழும். தெரியாத பூனை வந்தால் அது விருந்து இல்லை, படையெடுப்பு.

இஸ்லாமிய மரபில் பூனைக்கு உள்ள இடம் இந்த வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்ததுதான். நபிகள் நாயகத்தின் சட்டைக் கையில் பூனை தூங்க, அதை எழுப்ப மனமில்லாமல் அவர் சட்டையின் கையை மட்டும் வெட்டிவிட்டு எழுந்தார் என்ற கதையை வீட்டுக்கு வீடு சொல்வார்கள். ஆதாரப்பூர்வமான ஹதீஸ் தொகுப்புகளில் அந்தக் கதை இல்லை. அவற்றில் இருப்பது வேறொரு காட்சி. அபூ கதாதா என்ற நபித்தோழர் மகன் வீட்டுக்கு வருகிறார். மருமகள் கப்ஷா அவர் ஒளூ செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கைகால் கழுவ, தண்ணீர் எடுத்து வைக்கிறார். எங்கிருந்தோ ஒரு பூனை வந்து பாத்திரத்தில் வாய் வைக்கப் பார்க்கிறது. மாமனார் அதை விரட்டவில்லை. பூனைக்கு எட்டும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடிக்கிறார். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கவனித்துவிட்டு, பூனை அசுத்தமில்லை, அது உங்களைச் சுற்றி வந்துகொண்டே இருப்பவற்றில் சேர்ந்தது என்று நபிகள் சொன்னதை எடுத்துச் சொல்கிறார். முவத்தா, அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இது பதிவாகியிருக்கிறது. பூனை வாய் வைத்த தண்ணீரை, வேறு தண்ணீர் கிடைக்கும்போது தவிர்ப்பது நல்லது என்று ஹனஃபி சட்ட மரபு பிறகு ஒரு நிபந்தனை சேர்த்தது. பூனையை வீட்டிலிருந்து விலக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் காட்சியில் அபூ கதாதாவே அன்று விருந்தாளி. மகன் வீட்டுக்கு வந்தவர், தனக்கென்று எடுத்து வைத்த தண்ணீரிலிருந்து, அந்த வீட்டைச் சுற்றுகிற ஓர் உயிருக்குப் பங்கு கொடுக்கிறார். மருமகளின் குடத்தைச் சாய்க்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது, பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுக் கொன்றதற்காகத் தண்டனை பெற்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸ். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. விருந்துக்கு வந்த பூனையைத் தனி அறையில் அடைப்பதா என்று தயங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஹதீஸை மனத்தில் வைத்துத்தான் தயங்குகிறார்கள். அந்தக் குற்றச்சாட்டைக் கவனித்துப் படித்தால் அதில் இரண்டு பகுதி உண்டு: அவள் தானும் தீனி போடவில்லை, பூச்சி புழுக்களைத் தேடித் தின்னும்படி வெளியிலும் விடவில்லை. அடைத்தது மட்டும் அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. அடைத்துவிட்டு மறந்தது குற்றம். ஜன்னல், தண்ணீர், மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, வேளைக்கு வந்து பக்கத்தில் உட்காரும் ஒரு மனிதர், திறக்கப்போகும் நாள் என்று இத்தனையும் உள்ள அறையைச் சிறை என்று சொல்வது சரியாகப் படவில்லை. திறந்த கூடம்தான் அந்தப் பெர்ஷியனுக்குச் சிறை. அங்கே அது சோபாவுக்கு அடியைவிட்டு வெளியே வராது.

தோல் பதனிடும் தொழிலை நம்பிப் பிழைக்கிற ராணிப்பேட்டை பூனைக்கு இரக்கம் பேசலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த மரபு அதையும் தொட்டிருக்கிறது. நபிகளின் மனைவி மைமூனா அவர்களின் வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தது; அதைக் கடந்துபோன நபிகள், தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார். செத்தது ஆயிற்றே என்றார்கள். தின்பதுதான் விலக்கு என்று பதில் வந்தது. செத்ததை வீணாக்காதே, உயிரோடு இருப்பதை வதைக்காதே என்ற இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இவ்வளவில் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. வாயைத் திறக்கவே தகுதியில்லை என்று ராணிப்பேட்டையை ஒதுக்கவும் முடியாது.

தமிழ் மரபிலிருந்து மூன்று விருந்துகளை எடுத்துப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். இளையான்குடி மாற நாயனார் வீட்டுக்கு மழை கொட்டும் நள்ளிரவில் ஓர் அடியார் வருகிறார். வீட்டில் குந்துமணி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல் வயலில் மிதக்குமே என்று நினைவூட்டுவது மனைவி. இருட்டில் போய் அதை வாரிக்கொண்டு வருகிறார் மாறனார். விறகுக்குக் கூரைக் கழியை வெட்டிப் போடுகிறார். விதை போயிற்று, கூரை போயிற்று. இரண்டும் அவர்கள் இருவருடையது, இருவரும் சேர்ந்து முடிவு செய்தது. சிறுத்தொண்டர் கதை அப்படியல்ல. பைரவ வேடத்தில் வந்தவர் பிள்ளைக்கறி கேட்கிறார். தாயும் தந்தையும் கொடுக்கத் துணிகிறார்கள். சீராளனை யாரும் கேட்கவில்லை. பிள்ளை உயிரோடு ஓடிவந்துவிடுகிறான் என்பதால் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரைக் கேட்டவர்கள் மூச்சு விட்டிருப்பார்கள். பக்தியின் எல்லையைக் காட்ட வந்த கதை அது, வீட்டு நடைமுறையைச் சொல்ல வந்ததல்ல என்பதும் உண்மை. ஆனாலும் அடியாருக்குப் பரிமாறியது சிறுத்தொண்டருடைய உடம்பு இல்லை என்ற உறுத்தல் படிப்பவர் மனத்தில் நின்றுவிடுகிறது.

மூன்றாவது விருந்து சிபி மன்னனுடையது. அவனைத் தம் முன்னோனாகச் சோழர்கள் சொல்லிக்கொண்டார்கள். அரக்கோணத்துக்குப் பக்கத்திலுள்ள திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகளின் வம்சாவளியிலும் அவன் வருகிறான். புறாவுக்காகத் தொடையை அரிந்த வள்ளல் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தக் கதையில் நன்றாகப் பேசுவது பருந்து. அடைக்கலம் கொடுத்துப் புகழ் வாங்குவது நீ, பசியால் சாவது நான், என் கூட்டில் குஞ்சுகள் வேறு இருக்கின்றன என்று அது வழக்குரைக்கிறது. சிபி பருந்தைப் பொல்லாதது என்று திட்டவில்லை. அதன் வழக்கு நியாயம் என்று ஒப்புக்கொண்டதால்தான் தராசு வருகிறது. வந்தவருக்குக் கொடுக்கிற பாதுகாப்பின் விலையை ஏற்கெனவே இருப்பவர் தலையில் கட்டாமல், தன் சதையிலிருந்து எடுத்து வைக்கிறான்.

கூடத்து ஜன்னலோரம் நாட்டுப் பூனைகளுடையது. சாப்பாட்டுக் கிண்ணம் இருக்கும் இடம் அவற்றுடையது. மத்தியான வெயில் விழும் அந்த ஒரு முழப் பாய் அவற்றுடையது. ஆபா விருந்து வைக்க நினைத்தால் கொடுக்க வேண்டியது தன் படுக்கையறையை, தன் தூக்கத்தை, காலையில் மணல் தட்டை அள்ளுகிற தன் பத்து நிமிடத்தை. நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. பெர்ஷியனுக்குக் கூடத்தைக் கொடுத்துவிட்டு, முறைக்கிற நாட்டுப் பூனைகளை மாடிக்கு விரட்டி, "பொறாமை புடிச்சதுங்க" என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். விருந்தினர் வந்த வீட்டில் அடுப்படியே கதியென்று நின்று, முகம் சுளித்தால் வசவும் வாங்கிய பெண்கள் எத்தனையோ தலைமுறையாக இதே கணக்கில்தான் எழுதப்பட்டு வந்தார்கள். புகழ் திண்ணையில் உட்கார்ந்தவருக்கு.

ராணிப்பேட்டைக்கு இந்தச் செலவுக் கணக்கு புதிதல்ல. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகளை ஊர் வரவேற்றது. அந்நியச் செலாவணி வந்தது, வேலை வந்தது. கழிவுநீர் கிணறுகளுக்கும் வயல்களுக்கும் போயிற்று. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இரண்டு கோட்பாடுகளை நிலைநிறுத்தியது. தீங்கு வரும் என்ற அறிகுறி இருந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்பது ஒன்று. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அது. தீர்ப்பு வந்தும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலையின் குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் ராணிப்பேட்டையிலேயே குவிந்து கிடந்தது. லாபம் வெளியே போகும், சுமை இருப்பவர்மேல் தங்கும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு பூனை விவகாரத்துக்கு உச்ச நீதிமன்றமா என்று சிரிக்கலாம். ஆனால் அந்த இரண்டு கோட்பாடுகளையும் நவல்பூர் வீட்டில் அப்படியே கடைப்பிடித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

முதல் கோட்பாட்டுக்கு இந்த ஊரிலேயே ஒரு நினைவூட்டல் நிற்கிறது. 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் ராணிப்பேட்டையில்தான் இருக்கிறது. மாட்டு வெக்கை நோய் மந்தை மந்தையாகக் கொன்ற காலம் அது. 2011இல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். தடுப்பு மருந்தோடு சேர்ந்து அதைச் சாதித்தது, புதிதாக வந்த மாட்டை மந்தையோடு உடனே சேர்க்காமல் தள்ளிக் கட்டுவது போன்ற எளிய ஒழுங்குகள். பூனைக்கும் அப்படி ஒரு கொடிய நோய் உண்டு: பேன்லூக்கோபீனியா. பார்வோ வகைக் கிருமி. குட்டிகளைச் சட்டென்று வாரிக்கொண்டு போய்விடும். தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட, உயிர்ப்போடு கிடக்கும். மூக்கொழுகலும் கண் பொங்கலும் கொண்டுவருகிற ஹெர்ப்பிஸ் கிருமியோ, ஒருமுறை தாக்கிய பூனையின் உடம்பிலேயே ஒளிந்திருந்து, இடம் மாறிய பதற்றத்தில் மறுபடி வெளிவரும். கூடையில் வந்தபோது நன்றாக இருந்த பூனை நாலாம் நாள் தும்மத் தொடங்குவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அதனால் தடுப்பூசி அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. வெறிநோய் ஊசி போட்டிருக்கிறதா என்று சொந்தத் தங்கையிடமே கேட்க வேண்டும். பிரெஞ்சு மெய்யியலாளர் தெரிதா, நிபந்தனையற்ற விருந்தோம்பல் என்பது வந்தவர் பெயரைக்கூடக் கேட்காதது என்ற அளவுக்குப் போனார். அவர் வீட்டிலும் பூனை இருந்தது, அதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பெயரைக் கேட்காமல் விடலாம். ஊசியைக் கேட்காமல் விட முடியாது.

நட்பு விஷயத்தில்தான் மனிதர்கள் அதிகமாக அவசரப்படுகிறார்கள். மூன்றையும் ஒரே பாயில் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்துத் தங்கைக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட வேண்டும். அதற்காகக் கழுத்தைப் பிடித்து முகத்தோடு முகம் வைத்து "ஃப்ரெண்டு, ஃப்ரெண்டு" என்று அறிமுகம் செய்கிறவர்களும் உண்டு. கையில் நாலு கீறல் விழுந்த பிறகே விடுவார்கள்.

ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் இந்த இடத்தில் உதவுகிறார். 1795இல் வெளிவந்த 'நிரந்தர அமைதி' நூலில் அவர் அந்நியனுக்கு இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பார்த்தார். வந்த இடத்தில் பகைவனாக நடத்தப்படாமல் இருக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. அது வருகை உரிமை. வீட்டில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. அதற்குத் தனி உடன்பாடு வேண்டும். காண்ட் ஏன் இவ்வளவு கறாராக இருந்தார் என்பதற்கு அதே பக்கங்களில் காரணம் கிடைக்கிறது. வணிகம் என்று சொல்லிக்கொண்டு இந்துஸ்தானத்துக்கு வந்த ஐரோப்பியர்கள் படைகளைக் கொண்டுவந்து இறக்கி, இருந்தவர்களை ஒடுக்கியதை அவர் பெயர் சொல்லிக் கண்டிக்கிறார். பாலாற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது ஆற்காடு. காண்ட் அதை எழுதுவதற்கு 44 ஆண்டுகள் முன்பு, 1751இல், சுமார் 500 பேரோடு ராபர்ட் கிளைவ் சண்டையில்லாமல் உள்ளே நுழைந்து கோட்டையைப் பிடித்துக்கொண்ட ஊர். பிறகு 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். கடை போட வந்தவர்கள் கிளம்ப இன்னும் இரு நூற்றாண்டு ஆயிற்று. வந்தவருக்கு எல்லை வகுப்பது கருமித்தனமல்ல என்று காண்டுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

வருகை உரிமை, அவ்வளவுதான். நாட்டுப் பூனைகள் பெர்ஷியனைக் கடிக்காமல் இருந்தால் போதும். நக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. பதினைந்து நாள் விருந்துக்கு இந்த அளவுகோலே சரி. இரண்டு வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளவே வாரங்கள் பிடிக்கும், சிலவற்றுக்கு மாதங்கள். பழகி முடிகிற நேரத்தில் தங்கை ஜித்தாவிலிருந்து திரும்பிவிடுவார். அதனால் குறுகிய தங்கலுக்கு வரும் பூனையை வீட்டுப் பூனைகளோடு சேர்க்காமலே, வேறு அறையிலேயே வைத்திருந்து அனுப்புவதுதான் பெரும்பாலும் எல்லாருக்கும் நிம்மதி. அறிமுகம் என்பதே ஒரு கடமை என்று நினைத்துக்கொள்வதால் அந்த எளிய வழி கண்ணில் படுவதில்லை.

தங்கல் நீளும் என்றால் கதை வேறு. அப்போதும் கண்ணுக்கு முன் மூக்கு. பழைய காட்டன் துணி ஒன்றை எடுத்து, பெர்ஷியன் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, மீசைக்குப் பின்னால் கன்னத்தில் மெல்லத் தடவ வேண்டும். அந்தத் துணியைக் கொண்டுபோய் நாட்டுப் பூனைகளின் சோற்றுக் கிண்ணத்திலிருந்து நாலடி தள்ளிப் போட வேண்டும். முதலில் ஒன்று கழுத்தை நீட்டி மோந்துவிட்டு, வாயை அரைகுறையாகத் திறந்து, மேலுதட்டைச் சுருக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். ஏளனம் செய்வதுபோல் இருக்கும். உண்மையில் அண்ணத்தின் மேலே உள்ள தனி மோப்ப உறுப்புக்கு வாசனையை ஏற்றிக்கொண்டிருக்கிறது. சீறாமல் துணிக்குப் பக்கத்திலேயே மீன் தின்னத் தொடங்கினால் அடுத்த கட்டம்: மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் தீனி. கதவுக்கு அடியில் ஒரு பாதம் இந்தப் பக்கம் நீளும், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று தட்டும். நகம் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கொசுவலைக் கதவு வழியாகப் பார்வை. அதற்கும் பிறகுதான் ஒரே அறை, அதுவும் சில நிமிடம். மணல் தட்டு, பூனைக்கு ஒன்று வீதம் போக, உபரியாக ஒன்று. இவ்வளவு செய்தும் ஒன்று மூத்திரம் போக முடியாமல் முக்கிக்கொண்டு நின்றால், அதுவும் கடுவனாக இருந்தால், விருந்தை மறந்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். மன உளைச்சலே பூனையின் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். அடைப்பு ஏற்பட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

மோந்தாலே வாடிவிடும் அனிச்சத்தையும், முகம் மாறிப் பார்த்தால் வாடும் விருந்தினரையும் ஒப்பிட்டு வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தை முடிக்கிறார். பூனை உலகத்தில் இந்த வரிசை தலைகீழ். மோந்து பார்ப்பதுதான் அங்கே நல்வரவு; முகத்துக்கு நேராக உற்றுப் பார்ப்பதுதான் வாடவைக்கும்.

சோளிங்கர் மலைப்படியில் பிரசாதப் பையைப் பறிகொடுத்தவர்களுக்குக் குரங்கின் பிடி தெரிந்திருக்கும். ஸ்ரீவைஷ்ணவர்கள் அந்தப் பிடியையும் பூனையின் பிடியையும் வைத்து ஒரு பெரிய விவாதமே நடத்தினார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல ஜீவனும் முயல வேண்டும் என்பது வடகலையின் சாய்வு. பூனைக் குட்டி சும்மா இருக்க, தாயே கவ்விக்கொண்டு போவதுபோல இறைவன் பார்த்துக்கொள்வான் என்பது தென்கலையின் சாய்வு. பூனையைக் கூடையில் போட்டு வீடு மாற்றுகிறவர்களுக்குத் தாங்கள்தான் அந்தத் தாய்ப்பூனை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. குட்டியின் பிடரியைத் தாய் கவ்வினால் அது துவண்டு கொடுக்கும். வளர்ந்த பூனையை அப்படித் தூக்கினால் அது அமைதியாவதில்லை, பயத்தில் உறைகிறது. சரணாகதியை அடுத்தவர் செய்து வைக்க முடியாது.

இன்னும் ஒரு தரப்பு மிச்சம்: கூடையை வைத்துவிட்டு ஆட்டோ ஏறிய தங்கை. அனுப்புகிறவருக்கும் கடமை உண்டு என்பதை இந்த வட்டாரத்துச் சமணர்களிடம் கற்கலாம். ஆற்காட்டுக்குப் பக்கத்து விளாப்பாக்கத்தின் பஞ்சபாண்டவர் மலையில் சமணர்கள் தவம் செய்த குகைகளும் கல்வெட்டுகளும் உள்ளன. தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இந்த வட்டாரத்தில் வாழ்கின்றன. சமண இல்லற ஒழுக்கத்தில், கொன்று தின்னும் பிராணிகளை வளர்ப்பதையே விலக்கச் சொல்லும் விதி உண்டு. பூனை அந்தப் பட்டியலில் சேரும். அதே ஒழுக்கத்தின் பன்னிரண்டு விரதங்களில் ஒன்று அதிதிக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. அங்கே அதிதி என்றால் துறவி. அவருக்கென்று தனியாகச் சமைக்கக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே ஆனதில், யாருக்கும் குறையாதபடி, பூவைக் கெடுக்காமல் தேன் எடுக்கிற வண்டைப்போல அவர் கொஞ்சம் ஏற்றுக்கொண்டு போக வேண்டும். விருந்தோம்பலின் பாதிச் சுமையை விருந்தாளி தலையில் வைக்கிற ஏற்பாடு இது. இஸ்லாமும் விருந்தாளிக்கு மூன்று நாளை உரிமையாக்கி, அதற்குமேல் நடப்பதைத் தர்மக் கணக்கில் சேர்த்து, வீட்டுக்காரருக்குச் சிரமமாகும் வரை தங்குவதைத் தடுத்தது.

பூனைக்கு இதெல்லாம் புரியாது. அதன் சொந்தக்காரருக்குப் புரிய வேண்டும். அது வழக்கமாகத் தின்னும் தீனி பதினைந்து நாளுக்குக் கணக்காக, அதன் மணல் தட்டும் மணலும், துவைக்காத அதன் பழைய போர்வை, தடுப்பூசி அட்டை, மருத்துவருக்கு ஆகலாம் என்று கொஞ்சம் பணம் ஆகிய எல்லாம் கூடையோடு வர வேண்டும். கிலோ பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் திரும்பி வரும்போது வரும். அவை நாட்டுப் பூனைகளுக்கு உதவாது.

பதினாறாம் நாள் பெர்ஷியன் போன பிறகும் அதன் வாசனை போயிருக்காது. படுக்கையறை விரிப்பைத் துவைத்து, தரையைக் கழுவி, கதவைத் திறந்துவிட்டால் நாட்டுப் பூனைகள் ஒவ்வொரு மூலையாக மோந்து, மறுபடி கன்னத்தைத் தேய்த்து, விட்டுப்போன எல்லைக்கற்களை நட்டுக்கொள்ளும். மேல்விஷாரத்தில் அந்தப் பெர்ஷியனுக்கு வீட்டோடு ஒரு துணை இருந்து, அதை வேறு உறவுக்காரரிடம் விட்டிருந்தால், அங்கே சிக்கல் புதிதாகத் தொடங்கலாம். மருத்துவமனைக்கு ஒரு நாள் போய்வந்த பூனையையே, மருந்து வாடையால் அடையாளம் தெரியாமல், கூடப் பிறந்தது சீறி அடிப்பதுண்டு. நவல்பூர் வீட்டு வாசனையோடு ஒன்றும், வேறெங்கோ இருந்துவிட்டு இன்னொன்றும் திரும்பிவந்தால், சொந்த வீட்டிலேயே இரண்டும் அந்நியம். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பு தங்கை அங்கே ஓர் அறைக் கதவைச் சாத்திவைக்க வேண்டியிருக்கும்.